நிகிட்டா குருஷேவ்: கட்சி ஏற்றிவைத்த, கட்சியே இறக்கிவிட்ட தலைவர்

சோவியத் ஒன்றியத்தின் தலைவர்களில் லெனின், ஸ்டாலின், பிரெஷ்நெவ், அந்த்ரோபொவ், செர்னென்கோ ஆகிய ஐவரும் பதவியில் இருந்தபோதே இறந்தவர்கள். மிக்கைல் கோர்பசேவ், தாம் தலைமை வகித்த நாடே கலைந்துபோனதால் 1991 ஆம் ஆண்டில் பதவியை இழந்தவர். கட்சியின் சொந்தக் குழுவே கூடி முடிவெடுத்து, உயிருடன் வீட்டுக்கு அனுப்பிவைத்த ஒரே சோவியத் தலைவர் நிகிட்டா செர்கேயவிச் குருஷேவ்.

1964 அக்டோபர் 14 ஆம் தேதி அவரைப் பதவியிலிருந்து அகற்றியது கட்சியின் மத்தியக் குழு. 1957 ஜூன் மாதத்தில், அவரை வீழ்த்த முயன்ற மூத்த தலைவர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றியதும் அதே மத்தியக் குழுதான்.

இந்த இரு கூட்டங்களுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் என்ன மாறியது என்பதை அறிந்தால், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றினுள் அதிகாரம் உண்மையில் எங்கே பிறக்கிறது, எவ்வாறு சுழல்கிறது என்பதையும் பெருமளவுக்கு அறிந்துகொள்ளலாம். குருஷேவின் வாழ்க்கை அந்தச் சுழற்சியின் எல்லாப் படிகளையும் கடந்து சென்ற வாழ்க்கையாகும்.

சுரங்க நகரிலிருந்து கட்சிக்கு

உக்ரெய்ன் எல்லைக்கு அருகே, ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்தில் உள்ள கலினோவ்கா என்ற கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பம் ஒன்றில் 1894 ஏப்ரல் மாதம் குருஷேவ் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர் சென்றது சில ஆண்டுகள் மட்டுமே. பிழைப்புத் தேடி அவரது குடும்பம் 1908 ஆம் ஆண்டில் யூசோவ்கா என்ற சுரங்க நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று தொன்யெத்ஸ்க் என்று அறியப்படுவது அந்நகரமே. அங்கு அவர் உலோகப் பொருத்துநராகத் தொழில் பழகினார்.

1917 புரட்சிக்குப் பின்னர், 1918 ஆம் ஆண்டில் அவர் போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்தார். உள்நாட்டுப் போரில் செஞ்சேனையின் அரசியல் பணியாளராக இருந்தார். 1919 இல் அவரது முதல் மனைவி நோயுற்று இறந்தார். போர் முடிந்ததும் சுரங்கப் பகுதிக்குத் திரும்பிய அவர், தொழிலாளர்களுக்கான கல்விக்கூடத்தில் படித்தபடியே கட்சி வேலையில் இறங்கினார். 1925 ஆம் ஆண்டில் ஒரு மாவட்டத்தின் கட்சிச் செயலாளரானார்.

அந்த மாவட்டச் செயலாளர் பதவி பார்வைக்குச் சிறியது. ஆனால் அது எத்தகைய ஏணியின் முதற்படி என்பதை உணர, கட்சியின் கட்டமைப்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

கீழிருந்து மேல், மேலிருந்து கீழ்

சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் அடிப்படை அலகு கிளை. கிளைகள் வசிப்பிடத்தைவிட வேலைத்தலத்தையே மையமாகக் கொண்டிருந்தன. மூன்று கட்சி உறுப்பினர்கள் இருந்தால் போதும். தொழிற்சாலையோ, கூட்டுப் பண்ணையோ, பல்கலைக்கழகமோ, படைப்பிரிவோ, அங்கே ஒரு கிளை அமைந்துவிடும். கிளைகளுக்கு மேல் மாவட்டக் குழு, அதற்கு மேல் பிராந்தியக் குழு, பிறகு பெரும்பாலான குடியரசுகளில் அவற்றுக்கென்று தனியான மத்தியக் குழு என அமைப்பு உயர்ந்து சென்றது.

உச்சியில், விதிகளின்படி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் கட்சி மாநாடே தலையாய அதிகாரம் கொண்டது. மாநாடு மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மத்தியக் குழு ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கூடுவதால், அது அரசியல் தலைமைக்குழு ஒன்றையும் செயலகம் ஒன்றையும் தேர்ந்தெடுக்கும். தலைமைக்குழு கொள்கையைத் தீர்மானிக்கும். செயலகம் அன்றாட வேலைகளையும் ஆள் நியமனங்களையும் கவனிக்கும்.

ஜனநாயக மத்தியத்துவம் என்று அழைக்கப்பட்ட கோட்பாட்டின்படி, ஒவ்வொரு குழுவும் கீழிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆனால் மேலே எடுக்கப்பட்ட முடிவு கீழே உள்ள அனைவரையும் கட்டுப்படுத்தும். முடிவெடுக்கும் வரை விவாதிக்கலாம், முடிவெடுத்த பின் அனைவரும் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அதன் சாரம். 1921 ஆம் ஆண்டில் நடந்த பத்தாவது மாநாடு கட்சிக்குள் தனிக் கோஷ்டிகள் அமைப்பதைத் தடை செய்தது. அதன் பிறகு, மாற்றுக் கருத்துக் கொண்டவர்கள் ஒன்றுகூடிப் பேசுவதே கட்சி விரோதச் செயலாகக் கருதப்படக்கூடிய நிலை உருவானது.

தேர்தல்களும் பெயரளவிலேயே நடந்தன. ஒரு பதவிக்குப் பொதுவாக ஒரே ஒரு பெயர்தான் முன்மொழியப்படும். அந்தப் பெயரை மேல்மட்டக் குழு பரிந்துரைத்திருக்கும். கூட்டம் கையுயர்த்தி அதை ஏற்றுக்கொள்ளும்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருந்தது பதவிப் பட்டியல் முறை. நொமென்கிளாத்துரா என்று ரஷ்ய மொழியில் அழைக்கப்பட்ட இந்த முறையில், முக்கியமான ஒவ்வொரு பதவியும் ஏதாவது ஒரு கட்சிக் குழுவின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. தொழிற்சாலை இயக்குநர், பத்திரிகை ஆசிரியர், பல்கலைக்கழகத் துணைவேந்தர், நீதிபதி, படைத்தளபதி என எவரும் அந்தக் குழுவின் ஒப்புதல் இன்றி நியமிக்கப்படவோ நீக்கப்படவோ முடியாது.

இவ்வாறு ஒரு வட்டம் உருவானது. மேலே உள்ள செயலாளர் கீழே உள்ள செயலாளர்களைத் தேர்வு செய்வார். அவர்கள் மாநாட்டுக்கான பிரதிநிதிகளைத் தேர்வு செய்வார்கள். அந்தப் பிரதிநிதிகள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மத்தியக் குழு மேலே உள்ள செயலாளரை மீண்டும் உறுதிசெய்யும். 1922 ஆம் ஆண்டில் பொதுச் செயலாளரான ஸ்டாலின், மற்ற தலைவர்கள் அலுவலக வேலை என்று கருதிய இந்தப் பதவியின் பலத்தை முதலில் உணர்ந்து பயன்படுத்திக்கொண்டார்.

ஆதரவாளரின் நிழலில்

குருஷேவ் உயர்ந்ததும் இந்த வட்டத்தின் வழியாகவே. 1925 முதல் உக்ரெய்ன் கட்சிக்குத் தலைமை வகித்த லாசர் ககனோவிச், ஸ்டாலினின் நம்பிக்கைக்குரியவர். துடிப்பான அந்தச் சுரங்கப் பகுதிச் செயலாளர் அவரது கண்ணில் பட்டார். 1929 இல் படிப்பதற்காக மாஸ்கோவின் தொழில்துறைக் கழகத்துக்குச் சென்ற குருஷேவ், அங்கு கட்சிக் கிளையின் தலைமையைக் கைப்பற்றினார். ஸ்டாலினின் மனைவி நதேஷ்தா அல்லிலுயேவா அப்போது அங்கு மாணவியாக இருந்தார்.

1931 இல் மாஸ்கோவின் ஒரு மாவட்டச் செயலாளர், அடுத்த ஆண்டு நகரக் குழுவின் இரண்டாம் செயலாளர், 1934 இல் நகரத்தின் முதல் செயலாளர், 1935 இல் மாஸ்கோ பிராந்தியத்தின் முதல் செயலாளர் என்று அவர் மிக வேகமாக உயர்ந்தார். 1935 மே மாதம் திறக்கப்பட்ட மாஸ்கோவின் முதலாவது சுரங்க ரயில் பாதையின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர்களில் அவரும் ஒருவர். 1934 ஆம் ஆண்டின் பதினேழாவது மாநாட்டில் அவர் மத்தியக் குழு உறுப்பினரானார்.

அந்த மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவின் முழு உறுப்பினர்களும் மாற்று உறுப்பினர்களுமாக 139 பேரில் 98 பேர் பின்னர் கைது செய்யப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். மாநாட்டுக்கு வந்திருந்த 1966 பிரதிநிதிகளில் 1108 பேர் கைதாயினர். இந்த எண்ணிக்கைகளை 22 ஆண்டுகள் கழித்து உலகம் அறியச் செய்தவர் குருஷேவ். ஆனால் அந்த வேட்டையில் அவரும் பங்குகொண்டிருந்தார்.

மாஸ்கோவின் கட்சித் தலைவர் என்ற முறையில் அவர் ஒடுக்குமுறையைப் பகிரங்கமாக ஆதரித்துப் பேசினார். கைதுகளுக்கு ஒப்புதல் அளித்தார். அவருடன் பணியாற்றிய மாஸ்கோ கட்சி நிர்வாகிகளில் பெரும்பாலானோர் உயிர் தப்பவில்லை. 1923 இல் கட்சிக்குள் ஜனநாயகம் வேண்டும் என்ற விவாதத்தில் திரொத்ஸ்கி ஆதரவாளர்களின் பக்கம் சற்றுக் காலம் நின்றிருந்தது அவருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடும். அதனை அவர் 1937 இல் ஸ்டாலினிடம் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

1938 ஜனவரியில் உக்ரெய்ன் கட்சியின் தலைமைக்கு அனுப்பப்பட்டபோது, அங்கு முந்தைய தலைமை ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டிருந்தது. காலியான நாற்காலிகளை அவர் தமது ஆட்களால் நிரப்பினார். பின்னாளில் மாஸ்கோவில் அவருக்குத் துணைநின்றவர்களில் பலர் இவ்வாறு உக்ரெய்னில் அவரால் உயர்த்தப்பட்டவர்கள். அவரை வீழ்த்தியவர்களில் சிலரும் அவ்வாறே.

இரண்டாம் உலகப் போரில் அவர் ஸ்டாலின்கிராட் உட்படப் பல போர்முனைகளில் கட்சியின் அரசியல் பிரதிநிதியாக இருந்தார். விமானியாக இருந்த அவரது மகன் லியோனித் 1943 இல் போரில் இறந்தார். போருக்குப் பிந்தைய பஞ்சத்தின்போது உக்ரெய்னுக்கு உணவு உதவி கோரியது ஸ்டாலினின் சினத்தைக் கிளறியது. 1947 இல் சில மாதங்கள் அவர் முதல் செயலாளர் பதவியை இழக்க நேரிட்டது. 1949 டிசம்பரில் அவர் மீண்டும் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டார்.

ஸ்டாலினுக்குப் பின்

ஸ்டாலினின் இறுதி ஆண்டுகளில் கட்சியின் விதிகள் காகிதத்தில் மட்டுமே இருந்தன. 1939 இல் நடந்த பதினெட்டாவது மாநாட்டுக்கும் 1952 இல் நடந்த பத்தொன்பதாவது மாநாட்டுக்கும் இடையில் 13 ஆண்டுகள் கடந்துவிட்டன. தலைமைக்குழு முறையாகக் கூடுவதே அரிதாயிற்று.

1953 மார்ச் 5 ஆம் தேதி ஸ்டாலின் இறந்தபோது, கியோர்கி மாலென்கோவ் பிரதமரானார். லவ்ரெந்தி பெரியா காவல்துறையையும் உளவுத்துறையையும் கையில் வைத்திருந்தார். அடுத்த சில நாட்களில், பிரதமர் பதவியா கட்சிச் செயலகமா என்ற நிலையில், மாலென்கோவ் செயலகத்தைக் கைவிட்டார். வெளியுலகம் பிரதமரையே வாரிசாகக் கருதியது. ஆனால் ஆள் நியமனங்களின் நூல் குருஷேவின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஜூன் மாதம் பெரியா கைது செய்யப்பட்டார். டிசம்பரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின் உளவுத்துறை கட்சித் தலைமையின் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டது. செப்டம்பரில் குருஷேவ் கட்சியின் முதல் செயலாளரானார். மூன்று ஆண்டுகளுக்குள் நாடெங்கும் உள்ள பிராந்தியச் செயலாளர்களில் பெரும் பகுதியினர் மாற்றப்பட்டனர். 1955 பெப்ரவரியில் மாலென்கோவ் பிரதமர் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று.

கட்சிக்கும் அரசுக்கும் இருந்த உறவை விளக்க, அக்காலத்தில் எடுக்கப்பட்டு இன்றும் பேசப்படும் முடிவு ஒன்றைக் கூறலாம். கிரைமியாவை ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரெய்ன் குடியரசுக்கு மாற்றும் முடிவைக் கட்சியின் தலைமைக்குழு 1954 ஜனவரி 25 ஆம் தேதி எடுத்தது. நாடாளுமன்றமாகிய உச்ச சோவியத்தின் நிர்வாகக் குழு பெப்ரவரி 19 ஆம் தேதி அதற்கான ஆணையை வெளியிட்டது. கட்சி தீர்மானித்தது, அரசு அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அங்கு வாழ்ந்த மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஓர் உரை

1956 பெப்ரவரி 25 ஆம் தேதி, கட்சியின் இருபதாவது மாநாட்டின் இறுதி நாளில், வெளிநாட்டு விருந்தினர்கள் இல்லாத மூடிய அமர்வில் குருஷேவ் சுமார் நான்கு மணி நேரம் உரையாற்றினார். ஸ்டாலின் தம்மைச் சுற்றி வளர்த்த தனிநபர் வழிபாட்டையும், பொய் வழக்குகளையும், சித்திரவதை மூலம் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களையும் அவர் அம்பலப்படுத்தினார். ஸ்டாலினைப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து மாற்றவேண்டும் என்று லெனின் எழுதிவைத்திருந்த குறிப்பும் அந்த மாநாட்டின் பிரதிநிதிகளுக்கு வழங்கப்பட்டது.

உரை பரப்பப்பட்ட விதமும் கட்சியின் இயல்பைக் காட்டியது. பத்திரிகைகளில் அது வெளியாகவில்லை. கட்சிக் கிளைகளின் கூட்டங்களில் அது வாசித்துக் காட்டப்பட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1956 ஜூனில் அதை வெளியிட்டது; சோவியத் ஒன்றியத்திலோ 1989 ஆம் ஆண்டில்தான் அது அச்சில் வந்தது.

உரையில் சொல்லப்படாதவையும் இருந்தன. கொல்லப்பட்டவர்களில் கட்சிக்காரர்களைப் பற்றியே அவர் பெரிதும் பேசினார். கூட்டுப் பண்ணைகளுக்காக நசுக்கப்பட்ட விவசாயிகளைப் பற்றி அவர் பேசவில்லை. தமது சொந்தப் பங்கைப் பற்றியும், அத்தகைய ஒரு மனிதரை உருவாக்கிய கட்சி அமைப்பைப் பற்றியும் அவர் பேசவில்லை. ஆயினும், முகாம்களிலிருந்து லட்சக்கணக்கானோர் அக்காலத்தில் வீடு திரும்பினர் என்பதை மறுக்க முடியாது.

உரையின் அதிர்வு எல்லைகளைக் கடந்தது. போலந்திலும் ஹங்கேரியிலும் 1956 இல் கிளர்ச்சிகள் வெடித்தன. ஹங்கேரியக் கிளர்ச்சியைச் சோவியத் டாங்கிகள் நவம்பரில் நசுக்கின. ஸ்டாலின் மீதான விமர்சனத்தையும், முதலாளித்துவ நாடுகளுடன் சமாதான சகவாழ்வு என்ற கொள்கையையும் சீனத் தலைமை ஏற்கவில்லை. மாஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும் இடையிலான பிளவு, உலகெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகளைப் பிளந்தது. இலங்கையில் என். சண்முகதாசன் தலைமையில் சீன சார்புப் பிரிவு தனியே சென்றதற்கு அது நேரடிக் காரணமாயிற்று. 1964 இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததற்குப் பின்னணியாக இருந்த காரணங்களிலும் அது ஒன்று.

1957: மத்தியக் குழு காப்பாற்றியது

1957 ஜூன் 18 ஆம் தேதி, தலைமைக்குழுவின் கூட்டத்தில் குருஷேவுக்கு எதிரான தாக்குதல் தொடங்கியது. மாலென்கோவ், மொலோதோவ், ஒருகாலத்தில் அவரது ஆதரவாளராக இருந்த ககனோவிச் ஆகியோர் முன்னின்றனர். தலைமைக்குழுவின் 11 முழு உறுப்பினர்களில் ஏழு பேர் அவருக்கு எதிராக இருந்தனர். கணக்குப்படி அவர் பதவி இழந்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் செயலாளரைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு; அதை மாற்றும் உரிமையும் அக்குழுவுக்கே உண்டு என்று குருஷேவ் வாதிட்டார். விதிகளின்படி அது சரியான வாதம்தான். பல ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத விதி அது. பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் ஷுக்கோவும், உளவுத்துறைத் தலைவர் செரோவும் அவருக்குத் துணைநின்றனர். மத்தியக் குழு உறுப்பினர்கள் பலர் இராணுவ விமானங்களில் மாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

ஜூன் 22 முதல் 29 வரை மத்தியக் குழு கூடியது. அதில் பெரும் தொகுதியாக இருந்தவர்கள் பிராந்தியச் செயலாளர்கள். அவர்களில் பலர் குருஷேவால் உயர்த்தப்பட்டவர்கள். ஸ்டாலினின் பழைய சகாக்கள் திரும்பினால் தங்கள் பதவி மட்டுமன்றி உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எதிரணியினர் கட்சி விரோதக் குழு என்று முத்திரை குத்தப்பட்டனர். இறுதித் தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகி நின்றவர் மொலோதோவ் ஒருவர் மட்டுமே.

அடுத்து நடந்ததுதான் புதியது. தோற்றவர்கள் சுடப்படவில்லை. மாலென்கோவ் கசகஸ்தானில் ஒரு நீர்மின் நிலையத்தை நிர்வகிக்க அனுப்பப்பட்டார். மொலோதோவ் மொங்கோலியாவுக்குத் தூதரானார். ககனோவிச்சுக்கு யூரல் பகுதியில் ஒரு தொழிற்சாலை நிர்வாகம் கிடைத்தது. கட்சிக்குள் தோல்வி என்பது மரணம் அல்ல என்ற நிலை அன்று பிறந்தது. அதன் பலனைப் பின்னாளில் குருஷேவும் அனுபவித்தார்.

நான்கே மாதங்களில், அவரைக் காப்பாற்றிய ஷுக்கோவ் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது பதவி நீக்கப்பட்டார். 1958 மார்ச் மாதம் குருஷேவ் பிரதமர் பதவியையும் ஏற்றார். கட்சியும் அரசும் மீண்டும் ஒரே கையில் சேர்ந்தன.

நாற்காலிகளை அசைத்த சீர்திருத்தங்கள்

அந்த ஆண்டுகள் சாதனைகளின் ஆண்டுகளாகவும் இருந்தன. 1957 அக்டோபரில் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரானார். நெரிசலான பொதுக் குடியிருப்புகளில் வாழ்ந்த கோடிக்கணக்கானோர் தனிச் சமையலறை கொண்ட சிறிய வீடுகளுக்குக் குடிபுகுந்தனர்.

ஆனால் கட்சி நிர்வாகிகளிடையே அதிருப்தி வளர்ந்தது. 1957 இல் மாஸ்கோவில் இருந்த தொழில் அமைச்சகங்களில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்ட பிராந்தியப் பொருளாதார மன்றங்கள் அமைக்கப்பட்டன. 1961 அக்டோபரில் நடந்த இருபத்திரண்டாவது மாநாடு, கட்சி விதிகளில் முக்கியமான மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி, ஒவ்வொரு தேர்தலிலும் மத்தியக் குழுவிலும் தலைமைக்குழுவிலும் குறைந்தது நான்கில் ஒரு பகுதியினரும், குடியரசு மற்றும் பிராந்தியக் குழுக்களில் மூன்றில் ஒரு பகுதியினரும், மாவட்டக் குழுக்களில் பாதிப் பேரும் மாற்றப்பட வேண்டும். உயர் தலைவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது.

ஏறத்தாழ ஒரு கோடி பேர் கொண்ட கட்சியில், பதவியே வாழ்வாகிவிட்ட நிர்வாகிகளுக்கு இது இடியாக இறங்கியது. ஸ்டாலின் காலத்தில் அவர்கள் உயிருக்கு அஞ்சினர். இப்போது உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பதவி நிலையில்லை.

1962 நவம்பரில் அடுத்த அடி விழுந்தது. கட்சிக் குழுக்கள் தொழில்துறைக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிராந்தியத்தின் தனிப்பெரும் அதிகாரியாக இருந்த முதல் செயலாளர், பாதி அதிகாரம் கொண்ட இருவரில் ஒருவரானார். கிராமப்புற மாவட்டக் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1957 இல் அவரைக் காப்பாற்றிய அதே வட்டாரத்தின் நலன்களை அவரே தாக்கினார்.

இதற்கிடையே தோல்விகள் குவிந்தன. 1962 ஜூன் மாதம் இறைச்சி, வெண்ணெய் விலைகள் உயர்த்தப்பட்டபோது நோவோசெர்காஸ்க் நகரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் ஏழு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தொழிலாளர்களின் கட்சி தொழிலாளர்களைச் சுட்ட செய்தி பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது. அக்டோபரில் கியூபாவில் நிறுத்திய ஏவுகணைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1963 இல் விளைச்சல் பொய்த்து, மேற்கு நாடுகளிடமிருந்து கோதுமை வாங்கப்பட்டது.

1964: மத்தியக் குழு அகற்றியது

1964 ஏப்ரலில் குருஷேவின் எழுபதாவது பிறந்தநாளை அவரது சகாக்கள் புகழுரைகளுடன் கொண்டாடினர். அவர்களில் லியோனித் பிரெஷ்நெவ், நிக்கொலாய் பத்கோர்னி ஆகிய இருவரும் உக்ரெய்னில் அவரது நிழலில் வளர்ந்தவர்கள். உளவுத்துறைத் தலைவர் விளாதிமிர் செமிசாஸ்னியும் அவரது காலத்தில் உயர்த்தப்பட்டவரே. சில மாதங்களாக இவர்கள் மத்தியக் குழு உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து ஆதரவு திரட்டினர். சதி பற்றிய எச்சரிக்கை ஒன்று குருஷேவின் மகன் செர்கேயின் வழியாக அவருக்கு எட்டியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கருங்கடல் ஓரத்தில் பித்சுந்தா என்ற இடத்தில் ஓய்வில் இருந்த அவருக்கு, அக்டோபர் 12 ஆம் தேதி மாஸ்கோவுக்கு வருமாறு தொலைபேசி அழைப்பு வந்தது. மறுநாள் தலைமைக்குழுவில் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. சகாக்களை மதிக்காமை, அவசரச் சீர்திருத்தங்கள், தம்மைச் சுற்றிப் புதிய தனிநபர் வழிபாட்டை வளர்த்தமை ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றில் பல உண்மையாகவும் இருந்தன.

இம்முறை மத்தியக் குழுவிடம் முறையிடுவதில் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். அக்டோபர் 14 ஆம் தேதி கூடிய மத்தியக் குழுவில் மிக்கைல் சூஸ்லோவ் அறிக்கையை வாசித்தார். விவாதம் நடைபெறவில்லை. குருஷேவ் மௌனமாக அமர்ந்திருந்தார். முதுமையும் உடல்நலக் குறைவும் காரணமாக அவர் விலகிக்கொண்டதாக நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. பிரெஷ்நெவ் கட்சியின் முதல் செயலாளரானார். அலெக்சி கோசிகின் பிரதமரானார்.

அடுத்த மாதமே கட்சிக் குழுக்களின் பிரிவினை ரத்து செய்யப்பட்டது. 1966 ஆம் ஆண்டின் மாநாட்டில், பதவியினரைக் கட்டாயமாக மாற்றும் விதியும் நீக்கப்பட்டது. நிர்வாகிகளுக்கு உயிர்ப் பாதுகாப்பை முதலில் குருஷேவ் அளித்தார். பதவிப் பாதுகாப்பை இப்போது அவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டனர்.

அந்தப் பாதுகாப்புக்கு நாடு கொடுத்த விலை பின்னர் தெரிந்தது. பிரெஷ்நெவ் 18 ஆண்டுகள் பதவியில் இருந்து, 1982 இல் பதவியிலேயே இறந்தார். அவரோடு ஒரு தலைமுறை முழுவதும் நாற்காலிகளிலேயே மூப்படைந்தது. அந்தத் தேக்கத்தை உடைக்க 1980களின் பிற்பகுதியில் கோர்பசேவ் முயன்றபோது, கட்சியின் வட்டத்தைத் தாண்டி மக்களின் வாக்கை அவர் நாட வேண்டியிருந்தது. அதன் பிறகு கட்சியும் நிலைக்கவில்லை, நாடும் நிலைக்கவில்லை.

ஓய்வுக்காலம்

குருஷேவுக்கு மாதம் 500 ரூபிள் ஓய்வூதியமும் மாஸ்கோவுக்கு வெளியே ஒரு வீடும் வழங்கப்பட்டன. அவரது பெயர் பத்திரிகைகளிலிருந்து மறைந்தது. தோட்ட வேலை செய்தபடி, தமது நினைவுகளை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். அவை இரகசியமாக வெளிநாட்டுக்குச் சென்று 1970 இல் நூலாக வெளிவந்தன. கட்சியின் கட்டுப்பாட்டுக் குழு அவரை அழைத்து விசாரித்தது. ஒருகாலத்தில் அவரே தலைமை வகித்த கட்சியின் ஒழுங்கு நடவடிக்கை, ஓய்விலும் அவரை விட்டுவைக்கவில்லை.

1971 செப்டம்பர் 11 ஆம் தேதி அவர் காலமானார். ஏனைய தலைவர்களைப் போல் கிரெம்ளின் மதிலருகே அவருக்கு இடம் தரப்படவில்லை. நோவோதெவிச்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை நினைவுச் சின்னத்தைச் செதுக்கியவர் எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்தினி. 1962 இல் ஒரு கண்காட்சியில் குருஷேவ் கடுமையாகச் சாடிய சிற்பி அவர். கறுப்பும் வெள்ளையுமான கற்கள் ஒன்றோடொன்று பிணைந்த நிலையில் அந்தச் சின்னம் அமைந்துள்ளது.

இன்றும் தொடரும் கேள்வி

சோவியத் கட்சி இல்லாமற்போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் கிளை, மத்தியக் குழு, தலைமைக்குழு, செயலகம், பதவிப் பட்டியல் என்ற அந்த வடிவம் சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா ஆகிய நாடுகளின் ஆளும் கட்சிகளில், உள்ளூர் மாற்றங்களுடன், இன்றும் தொடர்கிறது.

தலைவர் ஒருவரை எப்படி, எப்போது மாற்றுவது என்ற சிக்கலும் அவற்றோடு தொடர்கிறது. சீனாவின் 1982 ஆம் ஆண்டு அரசியல் சாசனம் நாட்டின் அதிபருக்கு இரண்டு பதவிக்கால வரம்பை விதித்தது. 2018 இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 2022 அக்டோபரில் ஷி ஜின்பிங் கட்சியின் பொதுச் செயலாளராக மூன்றாவது முறையும் தேர்வானார். அவரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு மத்தியக் குழுதான்.

எழுத்தில் உள்ள விதிகளின்படி, மத்தியக் குழு எந்தத் தலைவரையும் நீக்கலாம். நடைமுறையில், அதன் உறுப்பினர்களின் பதவிகள் தலைவரைச் சார்ந்திருக்கும் வரை அது அவரைக் காக்கும். அவராலேயே அப்பதவிகளுக்கு ஆபத்து வரும்போது அது அவரைக் கைவிடும். குருஷேவின் உயர்வும் வீழ்ச்சியும் உணர்த்துவது இதுவே. இரண்டு முறையும் அங்கே எண்ணப்பட்டவை நிர்வாகிகளின் வாக்குகள். அந்தக் கட்சி யாருடைய பெயரால் ஆண்டதோ, அந்த மக்களின் வாக்கு இரண்டு முறையும் கேட்கப்படவில்லை.